பழைய மேனுவல் லென்ஸும் இன்றைய கேமராவும்: வேலூர்ச் சுற்றுவட்டாரக் கிராமங்களைப் படமெடுக்கத் தொடங்குவோருக்கு

என் முதல் பழைய லென்ஸ், சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44-2. அப்போது என்னிடமிருந்த நிக்கான் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள கேமரா) ஒரு மலிவான அடாப்டர், அதாவது இணைப்பு வளையம், கொண்டு அதைப் பொருத்தி, விரிஞ்சிபுரத்துக்கு அருகே பாலாற்று மணலில் ஒரு காலைப்பொழுது முழுவதும் படமெடுத்தேன். காலடியில் இருந்த நாணற்பூ கூர்மையாக விழுந்தது. அக்கரைப் பனைகளும் அவற்றுக்குப் பின்னால் இருந்த மலையும் ஒரு படத்தில்கூடத் தெளியவில்லை. லென்ஸில்தான் பழுது என்று நம்பி, பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். அவர் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து அதை அப்படியே திருப்பிக் கொடுத்தார். அந்த லென்ஸும் அந்தக் கேமராவும் அளவிலேயே ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்று எனக்குச் சொல்லித்தர அன்று யாரும் இல்லை. நீங்கள் அந்தப் பணத்தையும் அந்த மாதத்தையும் இழக்காமல் இருக்க, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலான நட்டங்கள் லென்ஸை முதலில் வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு யோசிப்பதால்தான் வருகின்றன.

1. கேமராவின் மவுண்டை அறிந்த பிறகே லென்ஸைத் தேடுங்கள்

லென்ஸ் வந்து பூட்டிக்கொள்ளும் உலோக வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். அந்த வளையத்திலிருந்து உள்ளே படத்தைப் பதியும் சென்சார் வரையுள்ள தூரம் ஒவ்வொரு கேமரா வகைக்கும் நிலையானது. லென்ஸும் தனக்கென்று விதிக்கப்பட்ட தூரத்தில் இருந்தால்தான் தொலைவில் உள்ளவற்றைத் தெளிவாகக் காட்டும். ஹீலியோஸ் போன்ற எம்42 திருகு லென்ஸுகளுக்கு அந்தத் தூரம் 45.46 மி.மீ. நிக்கான் எஃப் மவுண்ட் கேமராவில் அது 46.5 மி.மீ. ஆகவே அடாப்டரின் தடிமனைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட 1 மி.மீ. முன்னால் தள்ளி நிற்கிறது. அந்த ஒரு மில்லிமீட்டரால் ஹீலியோஸ் போன்ற 58 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 3 மீட்டருக்கு அப்பால் எதையும் தெளிவாகக் காட்டாது. என் மலைகள் மங்கிப்போனதற்குக் காரணம் இதுதான். நடுவில் ஒரு கண்ணாடி வில்லை வைத்த அடாப்டர் இந்தக் குறையைச் சரிசெய்யும் என்பார்கள். நான் அதையும் வாங்கிப் பார்த்தேன். மலை தெரிந்தது, ஆனால் படம் முழுவதும் பால் படர்ந்ததுபோல் வெளிறிவிட்டது. நிலக்காட்சிக்கு அதை வாங்காதீர்கள்.

பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தூரம் மிகக் குறைவு. சோனி இ மவுண்டில் 18 மி.மீ., ஃபியூஜி எக்ஸில் 17.7, நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 19.25. பழைய எஸ்எல்ஆர் (பிலிம் காலத்துப் பிரதிபலிப்புக் கண்ணாடிக் கேமரா) லென்ஸ் எதுவாக இருந்தாலும் அதற்குத் தேவையான தூரம் இவற்றைவிட அதிகம் என்பதால், மீதித் தூரத்தை வெறும் உலோகக் குழாய் ஒன்று நிரப்பிவிடும். இடையில் கண்ணாடி வில்லை எதுவும் வேண்டியதில்லை.

உங்களிடம் இருப்பது டிஎஸ்எல்ஆர்தான் என்றால் அதை விற்க அவசரப்பட வேண்டாம். கேனான் இஎஃப் மவுண்டின் தூரம் 44 மி.மீ. என்பதால் எம்42, நிக்கான், ஒலிம்பஸ் ஓஎம், பென்டாக்ஸ் கே ஆகியவற்றை அதில் அடாப்டரோடு பயன்படுத்தலாம். ஆனால் முழுச் சட்டக் (35 மி.மீ. பிலிம் அளவு சென்சார் உள்ள) கேனான் டிஎஸ்எல்ஆரில் சில லென்ஸுகளின் பின்பகுதி உள்ளே ஏறி இறங்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியில் இடிக்கும் என்பதை மறக்காதீர்கள். கேனானின் சொந்தப் பழைய எஃப்டி லென்ஸுகள் 42 மி.மீ. தூரத்துக்கும், மினோல்டா எம்டி லென்ஸுகள் 43.5 மி.மீ. தூரத்துக்கும் செய்யப்பட்டவை. எனவே இவ்விரண்டும் இஎஃப் கேமராவில் மலையைத் தெளிவாகக் காட்டமாட்டா. ‘கேனான் லென்ஸ், கேனான் கேமரா, பொருந்தும்’ என்று விற்பவர் சொல்லலாம்; அதை ஏற்காதீர்கள்.

நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் நிக்கானின் பழைய லென்ஸுகளையே தேடுங்கள். 1977-இல் வந்த ஏஐ வகையும் அதற்குப் பிந்தியவையும் பொருந்தும். அதற்கு முந்திய, மாற்றியமைக்கப்படாத லென்ஸுகளை டி7000 போன்ற உடல்களில் வலிந்து திருகினால் மவுண்டுக்கு அருகில் இருக்கும் சிறு நெம்புகோல் உடைந்துவிடும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த நெம்புகோலே இல்லை. ஆகையால் பழையது ஏறும், ஆனால் ஒளியளவை நீங்களே கணக்கிட வேண்டியிருக்கும்.

நான் கடைசியில் பயன்படுத்தப்பட்ட சோனி ஏ6000 ஒன்றை 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி அதில் நான் கற்றவற்றிலிருந்து எழுதியது; மற்ற மிரர்லெஸ் கேமராக்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

2. முதலில் இரண்டு லென்ஸ் போதும்

ஏ6000 போன்ற சிறிய சென்சார் கேமராவில் லென்ஸின் பார்வை குறுகும்; லென்ஸின் மி.மீ. எண்ணை (எண் கூடக் கூடப் பார்வை குறுகும்) 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கேனானின் சிறிய சென்சாருக்கு 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2. 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போல நடந்துகொள்ளும் என்பதால், களத்துமேட்டில் நெல் தூற்றுபவரின் முகம் அதில் நன்றாக அமையும். களத்துமேடு முழுவதையும் அதில் அடக்க முடியாது. அதற்கு 28 மி.மீ. வேண்டும்.

என் பரிந்துரை, 50 அல்லது 55 மி.மீ. ஒன்று, 28 மி.மீ. ஒன்று. பெயரோடு வரும் எஃப் எண், ஒளி நுழையும் துளையான அபர்ச்சரின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது. ஐம்பதில் ஹீலியோஸ் 44-2, பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 55 மி.மீ. எஃப்/1.8, பென்டாக்ஸ் எம் 50 மி.மீ. எஃப்/1.7, நிக்கானின் நிக்கார் 50 மி.மீ. எஃப்/1.8 ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. எதை வாங்கினாலும் ஏமாற்றம் வராது. இருபத்தெட்டில் பென்டாக்ஸ் எம் எஃப்/2.8 எனக்குப் போதுமானதாக இருக்கிறது. நிக்காரின் ஏஐ-எஸ் 28 மி.மீ. எஃப்/2.8, 20 சென்டிமீட்டர் வரை நெருங்க விடும். நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிய கையை முன்னால் வைத்து, பின்னால் கொல்லை முழுவதையும் காட்ட விரும்புவோருக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் விலை பென்டாக்ஸைவிட இரு மடங்குக்கு மேல் சொன்னார்கள்.

135 மி.மீ. லென்ஸுகள் மலிவாகக் கிடைப்பதால் பலரும் முதலில் அதை வாங்கிவிடுகிறார்கள். சிறிய சென்சாரில் அது 200 மி.மீ. போல ஆகிவிடும். கைநடுக்கமும் ஃபோகஸ் தவறும் அதில் பெருகித் தெரியும். அதை ஆறு மாதம் கழித்து வாங்குங்கள்.

3. தேடும் இடமும், கையில் வாங்கியதும் செய்யும் சோதனையும்

வேலூர், ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் என்று எந்த ஊரிலும் பிலிம் காலத்தில் கல்யாணப் படம் எடுத்த ஸ்டுடியோக்கள் உண்டு. அவற்றின் அலமாரிகளில் நிக்கான் எஃப்எம் வகையோ பென்டாக்ஸ் கே1000-ஓ இன்றும் இருக்கலாம். நேரில் சென்று மரியாதையாகக் கேளுங்கள். ஒரே நாளில் பதில் கிடைக்காது. நான் ஒரு ஸ்டுடியோவுக்கு மூன்று முறை போன பிறகுதான் பெரியவர் அலமாரியைத் திறந்தார். அவர் முப்பது ஆண்டு சோறு தின்ற கருவி அது. விலை பேசும்போது அந்த நினைவோடு பேசுங்கள்.

அங்கே ஒரு பொறி உண்டு. யாஷிகா எலக்ட்ரோ 35, இரட்டை லென்ஸ் கொண்ட யாஷிகா மேட் போன்ற கேமராக்களின் லென்ஸ் உடலோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. கழற்றி மாட்ட முடியாது. பிலிமிலிருந்து படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் கருவியின் லென்ஸ்களில் ஃபோகஸ் வளையமே இருக்காது. புரொஜெக்டர் லென்ஸுகளில் அபர்ச்சரும் இருக்காது. லென்ஸின் மேல் அபர்ச்சர் எண்களும் தூர எண்களும் ஆகிய இரண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பிறகு கைப்பேசியின் விளக்கை ஏற்றி, லென்ஸின் பின்புறத்திலிருந்து சாய்வாக ஒளியைச் செலுத்தி முன்புறம் வழியாகப் பாருங்கள். அபர்ச்சரை முழுவதும் திறந்து வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். சிலந்தி வலைபோல் கிளை பிரிந்த கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பீரோவுக்குள் கிடந்த லென்ஸுகளில் இது மிகச் சாதாரணம். ஓரத்தில் சிறு புள்ளி என்றால் சுத்தம் செய்யலாம். நடுவில் பரவியிருந்தால் மேற்பூச்சையே அரித்திருக்கும், விட்டுவிடுங்கள். கண்ணாடி முழுவதும் மூச்சு பட்டதுபோல் மங்கியிருந்தால் அது எண்ணெய்ப் படலமாகவோ, ஒட்டிய கண்ணாடிகள் பிரிவதாகவோ இருக்கும். பிரிந்த ஒட்டை நம் பக்கத்தில் செம்மையாக்கித் தருபவரை நான் கண்டதில்லை. சில தூசித் துகள்களும் முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலும் படத்தைக் கெடுக்கமாட்டா. அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்கலாம். பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்து அபர்ச்சர் வளையத்தைக் கடைசி எண் வரை திருப்பி, இதழ்கள் உடனடியாக மூடித் திறக்கின்றனவா என்று பாருங்கள். இதழ்களில் எண்ணெய் மினுக்கம் தெரிந்தால், சித்திரை வெயிலில் உள்மசகு உருகி வழிந்திருக்கிறது என்று பொருள். பல எம்42 லென்ஸுகளின் பின்புறம் ஒரு சிறு ஊசி இருக்கும். அதை அழுத்தினால்தான் சிலவற்றில் இதழ்கள் மூடும். அது தெரியாமல் ‘அபர்ச்சர் வேலை செய்யவில்லை’ என்று நல்ல லென்ஸை நான் ஒருமுறை விட்டுவந்தேன். பிறகு ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்புங்கள். சற்று இறுக்கமாக இருந்தால் கவலை இல்லை. நடுவில் சிக்கினாலோ மணல் அரைவதுபோல் உணர்ந்தாலோ வேண்டாம்.

சில டாக்குமார் லென்ஸுகளில், குறிப்பாக 50 மி.மீ. எஃப்/1.4-இல், கண்ணாடி தேநீர் நிறத்துக்கு மஞ்சளித்திருக்கும். அதில் தோரியம் கலந்த கண்ணாடி இருப்பதே காரணம். சில நாட்கள் வெயிலில் வைத்தால் மஞ்சள் பெருமளவு நீங்கிவிடும். வைக்கும்போது லென்ஸின் ஒரு பக்கத்தை அலுமினியத் தாளால் மூடுங்கள். மூடாவிட்டால் அது பூதக்கண்ணாடியாகி அருகிலிருக்கும் துணியையோ தாளையோ எரித்துவிடும்.

4. பணம், ரசீது, அயல்நாட்டுப் பார்சல்

நான் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன்: ஹீலியோஸ் 5,500 ரூபாய், பென்டாக்ஸ் 28 மி.மீ. 6,000, அதன் பூஞ்சையை நீக்கி மசகு மாற்ற 1,800, சோனிக்கு எம்42 அடாப்டர் 900, பென்டாக்ஸ் கே அடாப்டர் 1,400. கேமராவையும் சேர்த்தால் 43,600. பேட்டரி, லென்ஸ் மூடி, வெயில் மறைப்பு, காற்றடிக்கும் ரப்பர்க் குமிழ் என்று மேலும் 3,000 போயிற்று. உங்களுக்குச் சற்று முன்பின் ஆகலாம். ஆனால் லென்ஸின் விலையில் மூன்றில் ஒரு பங்கை வேறாக ஒதுக்கி வைக்காமல் தொடங்காதீர்கள்.

ரசீது கட்டாயம் வாங்குங்கள். தனிநபரிடம் வாங்கினாலும் ஒரு வெள்ளைத்தாளில் லென்ஸின் பெயர், அதன் முன்வளையத்தில் உள்ள வரிசை எண், தொகை, தேதி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்துப் பெறுங்கள். களவு போனால் காவல் நிலையத்தில் மனுக் கொடுப்பதற்கும், நாளை நீங்கள் விற்பதற்கும் அதுவே ஆதாரம். கடையில் வாங்கினால் ‘7 நாட்களுக்குள் திருப்பி எடுத்துக்கொள்ளப்படும்’ என்ற வரியை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்வழி உறுதி எனக்கு ஒருமுறை பயன்படாமல் போனது.

ஜப்பானிலிருந்தோ கிழக்கு ஐரோப்பாவிலிருந்தோ இணையம் வழியாக வரவழைப்போர், விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அனுப்பும் செலவுக்கு மேல் சுங்கவரியும் ஜிஎஸ்டியும் உண்டு. கூரியர் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கையாளும் கட்டணத்தையும் சேர்க்கும். ஆதார் அல்லது பான் அட்டை நகலை அடையாளச் சான்றாகக் கேட்பார்கள். அதில் உள்ள பெயரும் பார்சலின் மேல் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். என் பெயரின் தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்ததால் என் பார்சல் 11 நாட்கள் நின்றுபோனது. மொத்தத்தில் அது வந்துசேர ஐந்து வாரங்கள் ஆயின. தைப் பொங்கலுக்கு லென்ஸ் வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே பணம் கட்டிவிடுங்கள்.

5. அடாப்டரைத் தேர்ந்தெடுத்தல்

லென்ஸ் மவுண்டின் பெயர், கேமரா மவுண்டின் பெயர் இரண்டும் அடாப்டரின் தலைப்பில் இருக்க வேண்டும். எம்42 அடாப்டரில் உள்விளிம்பு ஒன்று இருந்து அந்தச் சிறு ஊசியை அழுத்த வேண்டும். இல்லையென்றால் லென்ஸில் ‘எம்’ என்ற பக்கத்துக்குத் தள்ளும் விசை இருக்கிறதா என்று பாருங்கள். கேனான் எஃப்டி அடாப்டரின் மேல் ஒரு வளையம் உண்டு. லென்ஸைப் பூட்டிய பின் அதை ‘லாக்’ என்ற பக்கம் திருப்பாவிட்டால் நீங்கள் எந்த எண்ணை வைத்தாலும் அபர்ச்சர் திறந்தே கிடக்கும்.

அடாப்டர் வந்தவுடன் தூரச் சோதனை செய்யுங்கள். வேலூர் நகரில் இருப்பவர்களுக்கு இது எளிது. நகருக்குக் கிழக்கே மலைமேல் தெரியும் பழைய கோட்டைச் சுவரை, அபர்ச்சரை முழுவதும் திறந்து, திரையைப் பெரிதாக்கிப் பார்த்தபடி ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸின் முடிவிலிக் குறிக்குச் சற்று முன்பே சுவர் தெளிந்தால் அடாப்டர் ஒரு நூல் குட்டையாகச் செய்யப்பட்டிருக்கிறது. பெரும்பாலானவை வேண்டுமென்றே அப்படித்தான் செய்யப்படுகின்றன, குறையில்லை. வளையம் முட்டி நின்ற பிறகும் சுவர் தெளியவில்லை என்றால் அடாப்டரைத் திருப்பி அனுப்புங்கள். லென்ஸ் அடாப்டருக்குள் ஆடினாலும் திருப்பி அனுப்புங்கள். படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்குவதற்கு அந்த ஆட்டமே காரணமாகிறது.

6. கேமராவில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

பழைய லென்ஸுக்கும் கேமராவுக்கும் மின்தொடர்பு இல்லை. லென்ஸே இல்லை என்று எண்ணிக் கேமரா ஷட்டரை விட மறுக்கும். மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் படமெடு’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை இயக்குங்கள். புதியவர்கள் அரை நாள் தவிப்பது இந்த ஒரு வரியால்தான்.

முறை வட்டை ‘ஏ’யில் வையுங்கள். அபர்ச்சரை லென்ஸின் மேல் நீங்கள் திருப்புவீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். உடலிலேயே அதிர்வுத் தடுப்பு உள்ள கேமராவானால், லென்ஸ் மாற்றும்போதெல்லாம் அதன் மி.மீ. எண்ணைக் கையால் உள்ளிட வேண்டும். தவறான எண் இருந்தால் தடுப்பே படத்தைக் கலைத்துவிடும். அதிர்வுத் தடுப்பு இல்லாத ஏ6000-இல், 50 மி.மீ. லென்ஸுக்கு நொடியில் 1/100-க்குக் கீழே நான் போவதில்லை.

எந்த அபர்ச்சரில் எடுத்தோம் என்பது படக்கோப்பில் பதிவாகாது. ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். முதல் இரண்டு மாதங்களுக்கு இது மிகவும் உதவும்.

7. ஃபோகஸ் பழகுதல்

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். தினமும் அரை மணி நேரம், வீட்டு வாசலிலோ தெருமுனையிலோ போதும்.

கேமராவில், தெளிவான விளிம்புகளை நிறக்கோட்டால் காட்டும் வசதி உண்டு. அந்த நிறத்தை இடத்துக்கேற்ப மாற்றுங்கள். நெல்வயலில் சிவப்பு நன்றாகத் தெரியும். செம்மண் கொல்லையில் அதே சிவப்பு மறைந்துவிடும், வெள்ளைக்கு மாற்றுங்கள். ஆனால் நிறக்கோடு தோராயமானது. எஃப்/2-இல் ஒரு முகத்தை எடுக்கும்போது மூக்கும் காதும் சேர்ந்தே மின்னும். வீட்டுக்கு வந்து பார்த்தால் கண் தெளிந்திருக்காது. ஆகவே அசையாத பொருளுக்குத் திரையைப் பெரிதாக்கும் பொத்தானையே பயன்படுத்துங்கள். கட்டைவிரலுக்கு எட்டும் ஒரு பொத்தானில் அதை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஹீலியோஸ் 44-2-இல் இரண்டு அபர்ச்சர் வளையங்கள் உண்டு. முன்வளையத்தில் எஃப்/8 என்று வைத்துவிட்டு, மற்றொன்றைத் திறந்து வெளிச்சத்தில் ஃபோகஸ் செய்து, பிறகு அது முட்டும் வரை திருப்பினால் எஃப்/8-க்கே வந்து நிற்கும். முதலில் குழப்பமாக இருக்கும். ஒரு வாரத்தில் கை தானாகச் செய்யும்.

நடக்கும் மாட்டையும் ஓடும் பிள்ளையையும் ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் செய்து பிடிக்க முடியாது. அதற்கு முன்கூட்டியே தூரத்தை வைத்துவிடும் முறை வேண்டும். 28 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் வைத்து, சிறிய சென்சாரில், ஏறத்தாழ 5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் இரண்டரை மீட்டரிலிருந்து மலைவரை எல்லாமே போதிய தெளிவோடு வரும். முழுச் சட்டக் கேமராவில் 3.3 மீட்டர் போதும். 50 மி.மீ. லென்ஸுக்கு முழுச் சட்டத்திலேயே 10 மீட்டருக்கு மேல் வைக்க வேண்டியிருக்கும் என்பதால் இந்த முறை அதற்கு ஏற்றதல்ல. லென்ஸின் மேல் இரு பக்கமும், எதுவரை தெளிவாக வரும் என்று காட்டப் பொறித்திருக்கும் ஆழக் கோடுகள் பிலிம் காலக் கணக்கு. எஃப்/8-இல் எடுக்கும்போது 5.6-இன் கோடுகளைப் பாருங்கள். ஐந்து மீட்டர் என்பது எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக வேண்டும். நான் என் காலடியால் அளந்து பழகினேன். ஏழு தப்படி வைத்தால் ஐந்து மீட்டர்.

தை மாதத்தில் நம் பக்கத்து ஊர்களில் நடக்கும் காளை விடும் விழாவை இந்த லென்ஸுகளால் எடுக்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. வளையத்தைத் திருப்பிக்கொண்டு தெருவோரம் நிற்காதீர்கள். கண் கேமராவுக்குள் இருக்கும்போது காளை வரும் வேகம் உங்களுக்குத் தெரியாது. மொட்டை மாடி ஒன்றில் அனுமதி பெற்று ஏறி, தெருவில் ஒரு புள்ளியில் ஃபோகஸை நிறுத்தி, 1/1000 வேகத்தில், காளை அந்தப் புள்ளிக்கு வரும்போது அழுத்துங்கள்.

8. வெளிச்சமும் மாதமும்

பழைய லென்ஸுகளின் மேற்பூச்சு மெல்லியது. எதிர்வெயிலில் படம் வெளிறும். வெயில் மறைப்பு இல்லாமல் வெளியே போகாதீர்கள். டாக்குமாருக்கும் ஹீலியோஸ் 44-2-க்கும் 49 மி.மீ. திருகு, நிக்காரின் பெரும்பாலான சிறிய லென்ஸுகளுக்கு 52. மறைப்பு இல்லாத நேரத்தில் இடக்கையை லென்ஸுக்கு மேல் குடைபோலப் பிடித்தாலும் வேறுபாடு தெரியும்.

வைகாசியில் ஐந்தே முக்கால் அளவில் சூரியன் எழும். தையில் ஆறரை தாண்டிவிடும். எழுந்ததிலிருந்து இரண்டு மணி நேரமும், மாலையில் கடைசி ஒன்றரை மணி நேரமுமே படமெடுக்க ஏற்றவை. சித்திரையில் உச்சிச் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேலே வந்துவிடுவதால் முகங்களில் கண்குழி மட்டும் கறுத்துத் தெரியும். அந்த மாதத்தில் எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். மார்கழி, தை மாதங்களே எனக்கு மிகப் பிடித்தவை. சம்பா நெல் முற்றியிருக்கும். ஏரிகளில் மழைநீர் நிற்கும். காலைப் பனி கரும்புத் தோட்டங்களின் மேல் தங்கியிருக்கும். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையையும் குடியாத்தத்துக்கு மேற்கே மோர்தானா அணைப் பக்கத்தையும் அந்த நாட்களில் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

பங்குனியிலிருந்து ஊர்தோறும் பாரதக் கூத்து நடக்கும். இரவு முழுவதும் நடக்கும் அந்த ஆட்டத்துக்கு எஃப்/1.4 அல்லது 1.8 லென்ஸ் மிகப் பொருத்தம். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்) 3200, வேகம் 1/125 என்று தொடங்குங்கள். கிரீடத்துக்குக் கீழே நெற்றிப் பூச்சில் ஃபோகஸ் செய்தால் கண்ணும் தெளிந்துவிடும். ஃபிளாஷ் போடாதீர்கள். ஆடுபவரின் கண் கூசும்.

9. அனுமதிகள்

வயலில் வேலை செய்பவரை எடுக்கும் முன் கேளுங்கள். வரப்பில் நின்று, ‘அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா’ என்ற ஒரு வார்த்தை போதும். பழைய லென்ஸ் இதில் பெரிய உதவி. கணியம்பாடிப் பக்கம் ஒரு முதியவர் என் ஹீலியோஸைப் பார்த்துவிட்டு, ‘எங்க கல்யாணத்துல இந்த மாதிரிதான் வச்சி புடிச்சாங்க நைனா’ என்று தானே களத்தைச் சுற்றிக் காட்டினார். படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்; ஓர் அச்சுக்கு 15 ரூபாய்க்கு மேல் ஆகாது. மறுமுறை அந்த ஊருக்குள் நுழைய அதுவே உங்கள் சீட்டு.

வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. முக்காலி வைத்துப் படமெடுக்க முன்அனுமதி வேண்டும். கோயில் கருவறைகளில் படமெடுக்கக் கூடாது. ஜவ்வாது மலையில் சாலையோர ஊர்களைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி தேவை. வனச்சரக அலுவலகத்தில் பெயர், போகும் நாள், வண்டி எண் எழுதிய மனுவோடு ஆதார் நகலையும் கொடுங்கள். வார நாளில், காலையில், குறைந்தது ஒரு வாரம் முன்னதாகப் போங்கள். கேமராவின் ரசீது நகலையும் பையில் வைத்திருங்கள்.

10. புழுதி, வெயில், ஈரம்

கோடையில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்க லென்ஸை மாற்றுங்கள். முடிந்தால் ஒரே லென்ஸோடு புறப்பட்டு மாற்றாமலே திரும்புங்கள். தூசியை ரப்பர்க் குமிழால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி பூஞ்சைக்கு விதையாகும். வண்டிப் பெட்டிக்குள் வெயிலில் லென்ஸை விட்டுப் போகாதீர்கள். மேலே சொன்ன அந்த எண்ணெய் வழிவது அப்படித்தான் நிகழ்கிறது.

பீரோவிலும் தோல் பையிலும் லென்ஸை வைக்க வேண்டாம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்று ஆகிய மூன்றும் சேர்ந்து 800 ரூபாய்க்குள் அடங்கும். மீட்டர் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். நீல நிறச் சிலிக்கா ஜெல் வெளிர்சிவப்பாக மாறினால், சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு வாணலியில், சன்னல்களைத் திறந்து வைத்து, சிறு தீயில் நீலம் திரும்பும் வரை வறுத்து, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். ஐப்பசி பிறந்ததும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், கோடையில் மாதம் ஒருமுறையும் டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு லென்ஸையும் விளக்கொளியில் பார்த்து, வளையங்களை இரண்டு முறை முழுவதும் திருப்பிவிட்டு மூடிவையுங்கள்.